ஒரே போனில் இருபத்துமூன்று பேர்

என் யூசுப் மாப்ளைக்கு,

நீ போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் இன்றைக்கு என்ன திடீரென்று என்று கேட்பாய். எனக்கு அலுத்துவிட்டது மாப்ள. அலுப்பைச் சொல்லிக்கொள்ள ஸ்டாஃப் ரூமில் ஆள் இல்லை. உன் நாற்காலியில் இப்போது ஒரு பிரிண்டரை வைத்திருக்கிறார்கள்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் நான் செய்த தப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டிச் செய்தேன். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் எழுத வேண்டும்.

கல்லூரி அப்படியேதான் இருக்கிறது. நாகமலை அடிவாரத்துக் காற்று, கேண்டீன் டீ, எதிலும் மாற்றமில்லை. மாறியது வேலைதான். பாடம் நடத்துகிற நேரத்தைவிட, நடத்தினேன் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற நேரம் அதிகமாகிவிட்டது. போன வாரம் ஒரு படிவத்தில் "மாணவர் மகிழ்ச்சி" என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போடச் சொன்னார்கள். மூன்று போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சந்தேகப் பக்கத்தைப் பற்றித்தான்.

உனக்குத் தெரியும், செய்தவனே நீதான். கூடச் சேர்ந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பொருளியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் என்றால் வேப்பங்காய். வகுப்பில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் துறையில் இருந்த நீ, கொரோனா முடிந்த கையோடு, கல்லூரி சர்வரில் அவர்களுக்காக ஒரு பக்கம் கட்டினாய். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் தன் நம்பரில் உள்ளே போய் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும், மற்றவர்களின் சந்தேகம் இரண்டுக்குப் பதில் எழுத வேண்டும். அதற்கு அகமதிப்பீட்டில் மார்க். நான் கிண்டல் செய்தேன். "வகுப்புல தெறக்காத வாயி போன்லயா மாப்ள தெறக்கப் போகுது?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "வாத்தியார்கிட்டப் படிக்கிறத விடப் பக்கத்துல உக்காந்திருக்கவன்கிட்டப் படிக்கிறதுதான் மாப்ள ஒட்டும்" என்றாய்.

ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு பதிவும் எந்தப் போனிலிருந்து வந்தது என்பதும் பதிவாகும்படி செய்தாய். அப்படி எழுதினால் அது முறைகேடு, அந்தத் தாளில் அகமதிப்பீடு பூஜ்யம், பரீட்சை எழுத முடியாது. விதியை நீ சொன்னாய், துறைத் தலைவன் என்ற முறையில் கையெழுத்துப் போட்டது நான்.

நீ போன பிறகு பக்கம் என் தலையில் விழுந்தது. உன் மனைவி, என் தங்கச்சி மும்தாஜ், உன் டைரியிலிருந்து பாஸ்வேர்டைப் படித்துச் சொன்னது. "அவங்க பண்ணுனது ஓடுதாண்ணே?" என்று அப்புறமும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓடுதும்மா என்பேன். உண்மையில் நொண்டிக்கொண்டிருந்தது. "நன்று", "அருமை", "ஆமாம் சார்" என்று ஒப்புக்கு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த வருஷம் இரண்டாமாண்டு வகுப்பில் திடீரென்று சூடு பிடித்தது. அழகுராஜா என்று பேரையூர்ப் பக்கத்துப் பையன் ஆரம்பித்து வைத்தான். "எங்க தாலுகாவுல சராசரி மழை பேஞ்சுச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. அப்ப எங்க பருத்தி ஏன் கருகுச்சு?" அதற்கு ஒருத்தி, "நாலு மாசத்துக்குப் பேய வேண்டியது நாலு நாள்ல பேஞ்சு போச்சுல்ல" என்று எழுதியிருந்தாள். ராதிகா என்று ஒரு பெண், "மழ எம்புட்டுங்கிறது கணக்கில்ல, எப்ப எப்பங்கிறதுதான் கணக்கு" என்று போட்டிருந்தாள். சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்கிற திட்டவிலக்கத்தை மூன்று மணி நேரம் கரும்பலகையில் எழுதியும் என்னால் சொல்ல முடியாததை அந்தப் பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டது. கல்லூரியை ஆய்வு செய்ய வந்த குழுவிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார்கள். நீ பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

ஆய்வுக் குழு போனதும் ஒரு புள்ளிவிவரம் ஏற்றச் சொன்னார்கள். அதற்காக, நீ வைத்துவிட்டுப் போன போன் பதிவை முதன்முதலாகத் திறந்தேன். இருபத்துமூன்று பேர் எழுதியது அத்தனையும் ஒரே போனிலிருந்து வந்திருந்தது. காளீஸ்வரி என்ற மாணவியின் போன். எல்லாம் காலை ஏழேகாலுக்கும் எட்டரைக்கும் இடையில்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். என்னை ஏமாற்றியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், செத்துப்போன உன்னை ஏமாற்றிவிட்டார்களே என்று ஆத்திரம் வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒருத்தரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அன்றைக்கே தேர்வுப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை இருபத்துமூன்று பெயரும் போர்டில் இருந்தன.

மத்தியானம் காளீஸ்வரி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். ஒல்லியான பிள்ளை, பார்வை மட்டும் நேராக இருந்தது.

"டைப் அடிச்சது அம்புட்டும் நாந்தான் சார். ஆனா சொன்னது அவங்கவங்கதான்."

"அவங்களுக்குக் கை இல்லையா?" என்றேன்.

"பஸ்ல இல்ல சார்" என்றாள். அவள் கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அப்படியே நின்றாள். "ஒரு நா எங்க பஸ்ல வந்து பாருங்க சார். வந்து பாத்துட்டு என்ன வேணா எழுதுங்க."

நீ அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறாயா மாப்ள? இருக்காது, நீ டவுன்காரன். திருமங்கலத்திலிருந்து பைக்கிலேயே வந்துபோகிற நானும் ஏறியதில்லை. அடுத்த திங்கட்கிழமை விடிகிறபோதே கிளம்பி, எதிர்த் திசையில் பேரையூர் போய் இறங்கி, அவர்களுடைய பஸ்ஸில் ஏறினேன்.

காளீஸ்வரி முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவள். அதனால் அவளுக்கு உட்கார இடம் கிடைக்கும். அதற்கப்புறம் ஏறுகிற ஒருத்தருக்கும் கிடைக்காது. நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பஸ்களில் எழுதாத சட்டம். டி.கல்லுப்பட்டி வருவதற்குள் அவள் மடியில் ஏழு பை ஏறிவிட்டது. மற்றவர்களின் போனெல்லாம் இப்படி யார் யார் மடியிலோ இருந்த பைகளுக்குள். ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கை பக்கத்து ஆளின் தோளில். பைகளுக்குப் பின்னால் தாடை வரை மறைந்துபோன அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் இரண்டு கையும் சும்மா இருந்தது.

என்னைப் பார்த்ததும் ஆளுக்கொரு வணக்கம் சொன்னார்கள். கூட்டம் என்னைப் பின்னால் தள்ளியதும் நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். அந்த வாரம் நான் கொடுத்திருந்தது உடன்தொடர்பு. இரண்டு விஷயம் சேர்ந்தே நடந்தால் ஒன்றுக்கு மற்றது காரணமா என்பது கேள்வி. பெயர்தான் போர்டில் ஏறிவிட்டதே, இனி எழுதி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் பேசினார்கள்.

"எங்க ஊர்ல செல் டவர் வச்ச வருசத்துலருந்து மழ இல்ல. அப்ப டவர்தான காரணம்?" என்றான் ஒருத்தன்.

"பக்கத்து ஊர்ல டவரே இல்லையே, அங்க மட்டும் பேஞ்சுச்சாக்கும்?" என்று கம்பியில் தொங்கிக்கொண்டே கேட்டாள் ராதிகா. வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூடக் குரல் கொடுக்காமல் கையை மட்டும் தூக்குகிறவள்.

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பினார். "நான் இந்த ரூட்டுக்கு வந்த வருசத்துலருந்துங்கூடத்தான் மழ இல்ல. என்னைய எறக்கி விட்ருவீகளா?" பஸ்ஸே சிரித்தது. அவர் காளீஸ்வரியிடம் குனிந்து, "அன்னைக்கு மழக் கணக்கு ஒண்ணு சொன்னேனே பாப்பா, அதப் போட்டியா இல்லையா?" என்றார்.

"போட்டாச்சுண்ணே. ராதிகா பேர்ல."

ஆய்வுக் குழுவுக்கு முன்னால் நான் பெருமையாக வாசித்தது ஒரு கண்டக்டரின் வரி மாப்ள. நீ இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். நீ போனில் கட்டிக் கொடுத்ததை அவர்கள் பஸ்ஸில் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு போன் இருக்கும் என்று நினைத்தோம், இருக்கத்தான் செய்கிறது. அதை எடுக்க ஒரு கை மிச்சமிருக்குமா என்று நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லையே?

கப்பலூர் தாண்டிக் கொஞ்சம் கூட்டம் குறைந்தபோது அழகுராஜா எங்கே என்று கேட்டேன். காளீஸ்வரி பைகளை ஒழுங்குபடுத்துவது போல முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும் சார். நாலு பேருக்கு நானே எழுதிட்டேன். அது தப்புதான். அவங்க காலேஜ் விட்டு கப்பலூர் கம்பெனிக்குப் போயி, வீடு சேர மணி ஒண்ணாகிரும். பஸ்ல ஏறுன ஒடனே கம்பியப் புடிச்சுக்கிட்டே தூங்குவாங்க. எழுப்ப மனசு வரல."

"அழகும் அதுல ஒருத்தனா?"

"ஆமா சார். ஆனா பருத்தி ஏன் கருகுச்சுன்னு கேட்டது அவந்தான். மொத மாசம் அவன்தான் அம்புட்டும் பேசுனான். வேலைக்குப் போன பெறகுதான் தூக்கம். அவன் முழிச்சிருந்தா என்ன கேப்பான்னு நெனச்சு நெனச்சு எழுதுனேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "போர்டுல பேரப் பாத்தான் சார். படிச்சு என்னத்தன்னு போனவன்தான். இப்ப கம்பெனியில முழு நேரமாச் சேந்துட்டான்."

அன்றைக்கு எந்த வகுப்பும் என்னால் எடுக்க முடியவில்லை.

முதல்வரிடம் போனேன். நல்ல மனிதர், அவரும் களைத்துப்போனவர். "தவமணி, அந்தப் போன் பதிவு சரின்னா பிள்ளைக தப்பு. பிள்ளைக சரின்னா அந்தப் பதிவ வச்சு மார்க் போட முடியாது. அப்பப் பக்கத்த மூடிட்டு, புதுசா ஒரு ஆப் விக்க வந்திருக்காங்க, அதுக்குப் போகணும். ரெண்டு நாள்ல சொல்லுங்க" என்றார்.

உன் பக்கமா, அந்தப் பிள்ளைகளின் பரீட்சையா என்று ஆகிவிட்டது. உன் பக்கத்தை விட மனம் வரவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. நீ விட்டுப்போனதில் கல்லூரியில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கடைசியில், "விசாரிக்காமல் எழுதினேன், தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தூங்கிய நாலு பேரையும் என்னிடம் நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொன்னேன். மூன்று பேர் வந்தார்கள். தட்டுத் தடுமாறிச் சொன்னார்கள், போதும். இருபத்திரண்டு பேருக்கு மார்க் திரும்பக் கிடைத்தது.

உன் சந்தேகப் பக்கத்தைப் போன வெள்ளிக்கிழமை மூடிவிட்டோம். புது ஆப்பில் எழுதும்போது முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். மடியில் ஏழு பையை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை முகத்தை எங்கே காட்டும்? முதல்வரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

மும்தாஜிடம் வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பக்கம் போனாப் போகுதுண்ணே. அவங்க இருந்திருந்தா போர்டுல ஒட்டுறதுக்கு முன்னால பஸ்ல ஏறியிருப்பாங்க" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னது.

அழகுக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு தடவை எடுத்தான். பின்னால் மெஷின் சத்தம். "வேலையில இருக்கேன் சார், மன்னிச்சுக்கோங்க சார்" என்று வைத்துவிட்டான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். என்னை முந்திக்கொண்டு அவன் கேட்டுவிட்டான்.

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவன் ஒருத்தன் பெயருக்கு நேரே மட்டும் இன்னும் பூஜ்யம் இருக்கிறது. ஹால் டிக்கெட் அச்சாவதற்கு முன்னால் அதை அழிக்க முடியும், அவன் வந்து நின்றால். இந்தச் சனிக்கிழமை ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போகிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் பார்க்கத்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்பேன், போர்டில் ஒட்டியவனுக்கு அது நியாயம்தான். வர மாட்டேன் என்றால் அடுத்த நாளும் போவேன். அவன் வந்து பரீட்சை எழுதாமல் அந்த வகுப்பின் மார்க் பட்டியலில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் மாப்ள,
தவமணி