வாங்கிலுக்கு இருபது அடி

யூலை 11, வெள்ளி
பிறசர் 138/82. சரியான வெக்கை. காத்தாடி ரெண்டும் சுத்தியும் காணாது.

டாக்குத்தர் பிறசர் எழுதச் சொல்லித் தந்த கொப்பி இது. நாளுக்கு ஒரு வரி. மிச்சத் தாள் சும்மா கிடக்குது எண்டு என்ரை பாட்டிலை எழுதுறன். ஐஞ்சாம் வகுப்போடை நிண்ட படிப்பு. பிழை பாக்கிறதுக்கு ஆரும் இல்லை, நல்லது.

நாளைக்குப் பார்க். தீவிலை இருக்கிற பெரிசு, ராட்டினம் எல்லாம் சுத்துற இடம். மகன் ரமணன், மருமகள் சுகந்தி, பேத்தி மிதிலா, நான். எல்லாம் சொல்லி முடிச்சுப் போட்டு, சாப்பிடேக்கை மெல்லமாச் சொல்லுறான், "அம்மா, மாமியும் வாறா." நான் குழம்பு விட்டுச் சாப்பிட்டன்.

மாமி எண்டால் சுகந்தியின்ரை தாய். நகரத்தின்ரை மற்றப் பக்கம், லாசாலிலை, தனிய இருக்கிறவ. லாசால்காரி. பேர் எழுத மனமில்லை. லா.கா. காணும்.

நாளைக்கு:
ரோல்ஸ் 30 (உறைப்புக் குறைச்சு, பிள்ளைக்கு)
கட்லட்
மோர் ரெண்டு போத்தல்
என்ரை குளிசை, காலமை ரெண்டு மத்தியானம் ஒண்டு
குடை
மிதிலாவுக்கு மாத்துச் சட்டை

வெளிச் சாப்பாடு உள்ளை விடமாட்டினமாம். வாசலுக்கு வெளியிலை மேசை இருக்குதாம். பாப்பம்.

லா.கா.வோடை எனக்குக் கதை இல்லை. ஒன்பது வருசம். கலியாணத்திலை இருந்து. நான் புருசன் இல்லாதவள், மணவறையிலை ஏறேலாது எண்டு எனக்குத் தெரியும். என்ரை தம்பியும் பெண்சாதியும்தான் தாய் தேப்பன் இடத்திலை இருந்தவை. சரி எண்டு விட்டன். தாலி கட்டினாப் பிறகு எல்லாரும் வரிசையிலை போய் அறுகரிசி போடுகினம், நானும் ஒரு கைபிடி எடுத்துக்கொண்டு போறன். பெத்த பிள்ளைக்கு. லா.கா. குறுக்கை வந்து, "நீங்கள் உதிலை தள்ளி நில்லுங்கோ, நல்ல காரியம்." முந்நூறு சனம் பாக்க. கையிலை இருந்த அரிசியோடை தூணுக்குப் பக்கத்திலை நிண்டன். வீடு வருமட்டும் அந்த அரிசி கையுக்கை.

அண்டைக்குப் பூட்டின வாய். மிதிலா பிறந்தாப் பிறகு எல்லாம் பிள்ளையாலைதான் போகும். "பிள்ளை, அம்மம்மாட்டைச் சொல்லுங்கோ தேத்தண்ணி ஆறுது எண்டு." அவவும் அப்பிடித்தான். "பிள்ளை, அப்பம்மாட்டைக் கேளுங்கோ உப்புக் காணுமோ எண்டு." பிள்ளை தலையாட்டிப் போட்டு ஓடும். ஆறு வயசு. தபால்காரி.


யூலை 12, சனி
பிறசர் எடுக்கேல்லை. வெயில்.

போனது, வந்தது. மிதிலா தொலைஞ்சது. முப்பத்தைஞ்சு நிமிசம். கிடைச்சிட்டுது, ஒரு கீறல் இல்லை. பிள்ளையாருக்கு நூறு தேங்காய் எண்டு நேந்தனான், இந்த ஊரிலை எங்கை உடைக்கிறது.

கால் வீக்கம்.

நான் ஒரு சொல்லுச் சொன்னனான். அதை இண்டைக்கு எழுதேலாது.


யூலை 13, ஞாயிறு
பிறசர் 156/90. மழை தூறுது.

எழுதுறன்.

நேற்றுக் காலமை பதினொண்டுக்குப் பார்க் உள்ளை போனது. என்ன சனம். நல்லூர்த் தேருக்கு நிக்கிற மாதிரி, ஆனால் எல்லாரும் காற்சட்டையோடை. கையிலை காகித வளையம் ஒட்டினவை. மிதிலாவுக்கு எல்லாத்திலையும் ஏற வேணும், மனேஜ் மனேஜ் எண்டு துள்ளினது, ராட்டினத்துக்குப் பள்ளிக்கூடத்திலை பழகின சொல்லு. தவளை மனேஜ், வண்டு மனேஜ், குதிரை மனேஜ். ஒவ்வொண்டுக்கும் முக்கால் மணித்தியாலம். முன்னுக்கு மதராஸ் பக்கத்துப் பெடியள், படிக்க வந்ததுகள் போலை. "ரெண்டு மணி நேரம் நின்னு ரெண்டு நிமிஷம் கத்துறதுக்காடா வந்தோம்?" "வீட்லயே கத்தலாம்னா ரூம்மேட் அடிக்கிறான் மச்சி." எனக்குச் சிரிப்பு வந்தது. லா.கா.வுக்கும் வந்தது. ரெண்டு பேரும் வேற வேற பக்கம் பாத்துச் சிரிச்சம்.

மூண்டு மணிக்கு ரமணனும் சுகந்தியும் அந்தப் பெரிய மரப் பாலம் மாதிரி ஏறி விழுற ஒண்டுக்குப் போச்சினம். பிள்ளைக்கு உயரம் காணாது. "அம்மா, மாமி, ரெண்டு பேரும் பாத்துக்கொள்ளுங்கோ, வந்திடுறம்." இருக்கிறதுக்கு ஒரு நீள வாங்கில். அந்த நுனியிலை அவ, இந்த நுனியிலை நான், நடுவிலை பிள்ளையும் குடையும்.

பிள்ளை, "அப்பம்மா, பிப்பி." கூட்டிக்கொண்டு போனன். மலகூடம் வாங்கிலுக்கு இருபது அடி. பெட்டையளின்ரை வரிசை வாசலுக்கு வெளியிலையும் நிக்குது. பிள்ளை போய் வந்திட்டுது. எனக்கும் அவசரம், நீர்க்குளிசை போட்டனான். திரும்ப வரிசையிலை நிக்கிறன். பிள்ளை நிண்டு நெளியுது, வெக்கை. வாசலாலை பாத்தால் வாங்கில் தெரியுது.

"அம்மம்மாட்டை ஓடு" எண்டன்.

லா.கா. மற்றப் பக்கம் திரும்பி இருந்தவ. மேலை ஏறுற பெட்டிக்குள்ளை மகள் தெரியுதோ எண்டு பாத்துக்கொண்டு. முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சது. ஒரு சொல்லு கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பா. "இஞ்சை, பிள்ளை வருது." அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. என்னெண்டு கூப்பிடுறது? ஒன்பது வருசமாப் பேரும் சொல்லேல்லை, முறையும் சொல்லேல்லை. வழமையாப் பிள்ளையிட்டைத்தான் சொல்லி அனுப்புறது. இப்ப சொல்ல வேண்டியதே பிள்ளையைப் பற்றி.

பாதி தூரம் போகுமட்டும் பாத்தன். பேந்து உள்ளை போனன்.

வந்து பாக்க லா.கா. தனிய. என்னைக் கண்டதும் எழும்பி, "பிள்ளை எங்கை?" எண்டா. நேரா என்ரை முகத்தைப் பாத்து. ஒன்பது வருசத்துக்குப் பிறகு.

நான் சொன்னன், "உங்களிட்டைத்தானே விட்டிட்டுப் போனனான்."

ஒன்பது வருசத்துக்குப் பிறகு நான் அவவோடை பேசின முதல் பேச்சு. பொய்.

"என்னட்டையோ?" எண்டா. "எப்ப?" பேந்து தன்ரை கையைப் பாத்தா, பக்கத்திலை வாங்கிலைப் பாத்தா, பிள்ளை அங்கை இருந்த இடம் ஏதும் தெரியுமோ எண்ட மாதிரி. ரமணனும் சுகந்தியும் இறங்கி வந்து கேக்கேக்கையும் அதையேதான் சொன்னன், பேந்து எல்லாருமாத் தேடினம்.

மிதிலாவைக் கண்டுபிடிச்சது பந்து எறிஞ்சு பொம்மைக் கரடி வெல்லுற கடையடியிலை. வெள்ளைக்காரப் பெட்டை ஒண்டு, அங்கை வேலை செய்யிறது, கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. பிள்ளை அழேல்லை. எங்களைக் கண்டாப் பிறகுதான் அழுதது. எங்கை போனனீ எண்டு கேக்க வாய் திறக்கேல்லை. சுகந்தி தாயைப் பாத்துக் கத்தினா, சனம் பாக்க. "அம்மா, உங்களிட்டை ஒரு பிள்ளையை அஞ்சு நிமிசம் விடேலாதோ?" லா.கா. "ஓம் பிள்ளை. நான் எங்கையோ பாத்திட்டன் போலை. எனக்கு ஞாபகம் இல்லை" எண்டா.

நான் குடையை மடிச்சுக்கொண்டு நிண்டன்.


யூலை 14, திங்கள்
பிறசர் 160/92. வெயில்.

சுகந்தி குசினியிலை ஃபோன். கதவு பூட்டேல்லை, கேக்கக் கூடாது எண்டில்லை.

"இல்லை அண்ணை, அம்மா மூண்டாம் மாசமும் அடுப்பை நூக்க மறந்தவ, புகை அலாரம் அடிச்சது... இப்ப இது. மாமி பிள்ளையை அம்மான்ரை கையிலை குடுத்திட்டுப் போக, அம்மாக்கு ஞாபகமே இல்லையாம்... ஓம், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறதி டாக்குத்தரிட்டை... தனிய இருக்க விடேலாது. ஆக்களைப் பாக்கிற இடம் ஒண்டு பாக்க வேணும். அந்த வீட்டை விடத்தான் வேணும்."

பேந்து எனக்கு, "மாமி, வெள்ளிக்கிழமையிலை மிதிலாவைப் பள்ளிக்கூட லீவுக் காம்பாலை நீங்கள் கூட்டிக்கொண்டு வாறீங்களோ? அம்மாட்டை இனி விடேலாது."

வெள்ளிக்கிழமை லா.கா.வின்ரை நாள். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லாசாலுக்குப் போய் இரவுச் சாப்பாடு குடுத்து அனுப்புவா. அந்த வெள்ளிக்கிழமையை நான் எத்தினை தரம் ஆசைப்பட்டனான். கிடைச்சிட்டுது.

"ஓம்" எண்டன்.

இன்னொண்டும் எழுதுறன். மூண்டு வருசத்துக்கு முதல் அவவின்ரை புருசன் செத்த வீட்டுக்குப் போனனான். ஒரு மூலையிலை இருந்தனான். தாலியைக் கழட்டேக்கை எனக்குள்ளை ஒரு சந்தோசம் வந்தது. இப்ப நீயும் தள்ளி நில் எண்டு. ஆரிட்டையும் சொல்லேல்லை. கடவுளிட்டையும் சொல்லேல்லை.


யூலை 15, செவ்வாய்
பிறசர் 158/90.

மிதிலாவுக்குத் தலை இழுக்கேக்கை, "அப்பம்மா, அம்மம்மாக்குத் தலைக்குள்ளை வருத்தமோ?"
"ஆர் சொன்னது?"
"அம்மா."
பேந்து பிள்ளை, "நான் அம்மம்மாட்டைப் போகேல்லை. கரடி பாக்கப் போனனான். அம்மாட்டைச் சொல்லாதேங்கோ, அடிப்பா."
"சொல்லமாட்டன்."
"அதாலைதான் வருத்தம் வந்ததோ?"

பின்னலைப் பின்னி முடிச்சன். ரிப்பன் கட்டினன். என்னைப் போலை இந்தப் பிள்ளையும் இப்ப ஒண்டை விழுங்கிக்கொண்டு திரியுது. ஆறு வயசிலை.

பால் முடிஞ்சுது. கீழை தெப்பனேர்க் கடையிலை வாங்க வேணும்.


யூலை 16, புதன்
பிறசர் 162/94.

கத்தரிக்காய் அடுப்பிலை வைச்சிட்டு யன்னலடியிலை நிண்டன். கரிஞ்சு மணந்த பிறகுதான் தெரிஞ்சது. சட்டியை ஒளிச்சு வைச்சிட்டன். என்னை ஒருத்தரும் டாக்குத்தரிட்டைக் கூட்டிக்கொண்டு போகமாட்டினம்.


யூலை 17, வியாழன்
பிறசர் எடுக்கேல்லை. காத்து.

எல்லாரும் வேலைக்குப் போனாப் பிறகு வெளிக்கிட்டன். தனிய மெத்ரோவிலை அவ்வளவு தூரம் போனதில்லை. ஸ்ரேசன் பேர் வாசிக்கத் தெரியாது, பாதையின்ரை நிறமும் ஸ்ரேசன் எண்ணிக்கையும் தெரியும். ரமணன் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போனவன், காணும். அக்காடியிலை ஏறி நீலம் ஐஞ்சு, செம்மஞ்சள் நாலு, பச்சை ஏழு. பேந்து பஸ். ஒண்டும் பிழைக்கேல்லை.

கதவைத் திறந்தவ என்னைக் கண்டதும் முதலிலை பின்னாலை பாத்தா. பிள்ளை வருதோ எண்டு. பிள்ளை இல்லாமல் நாங்கள் ரெண்டு பேரும் ஒரு இடத்திலை நிண்டதில்லை.

குளிர்ப்பெட்டியிலை தாள் ஒட்டியிருக்குது. பெரிய எழுத்திலை. இண்டைக்கு வியாழன். யூலை 17. மகள் சுகந்தி. பேத்தி மிதிலா. மருமகன் ரமணன். வீட்டு இலக்கம். அதுக்குக் கீழை 100, 93, 86, 79, அதோடை நிண்டுபோய்க் கிடக்குது.

நான் பாக்கிறதைக் கண்டிட்டு, "நாளைக்குக் கேப்பினமாம்" எண்டா. "நூறிலை இருந்து ஏழு ஏழாக் கழிக்கட்டாம். எனக்குப் பள்ளிக்கூடத்திலையே உது வராது."

நான் இருக்கேல்லை. நிண்டபடி சொன்னன்.

"பார்க்கிலை நான் பிள்ளையை உங்களிட்டை விடேல்லை. மலகூட வாசலிலை இருந்து ஓடு எண்டு அனுப்பினனான். நீங்கள் அங்காலை பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். எனக்குத் தெரியும் நீங்கள் காணேல்லை எண்டு. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடேல்லை. பேந்து பொய் சொன்னனான்."

பேசுவா எண்டு நினைச்சன். போ வெளியிலை எண்டு சொல்லுவா எண்டு நினைச்சன். அவ கதிரையைப் பிடிச்சுக்கொண்டு,

"அப்ப எனக்கு மறதி இல்லையோ?"

"இல்லை."

"அடுப்பு விட்டனான் எல்லோ, மூண்டாம் மாசம்."

"நான் நேற்று விட்டனான். கத்தரிக்காய்."

இருந்திட்டா. முகத்தைச் சேலைத் தலைப்பாலை துடைச்சா. அஞ்சு நாளா நித்திரை இல்லையாம். பிள்ளை தன்ரை மடியிலை இருந்ததோ, கை பிடிச்சதோ எண்டு யோசிச்சு யோசிச்சு, இருந்தது எண்டே நினைக்கத் தொடங்கீட்டாவாம். இல்லாத ஒண்டை. அதைக் கேட்டாப் பிறகு மற்றக் கதிரையை இழுத்து நானும் இருந்தன்.

பேந்து என்னைப் பாக்காமல் சொன்னா, "இளநீலச் சேலை. வெள்ளிக் கரை. தூணடியிலை நிண்டனீங்கள். கையைப் பொத்திக்கொண்டு."

நான் கையை விரிச்சு மடியிலை வைச்சன்.

"எனக்கு எல்லாம் ஞாபகம்" எண்டா. "இவர் செத்த வீட்டிலை நீங்கள் மூலையிலை இருக்கேக்கையும் அதைத்தான் நினைச்சனான்."

மன்னிப்பு எண்டு அவவும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. எழும்பித் தேத்தண்ணி போட்டா. ஒன்பது வருசம் அந்த வீட்டிலை பச்சைத் தண்ணியும் குடிச்சதில்லை நான். கோப்பையைப் பாத்துக்கொண்டு இருந்தன். "சீனி போடேல்லை. உங்களுக்குச் சலரோகம் எல்லோ" எண்டா. குடிச்சன்.

வெளிக்கிடேக்கை, "நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சுகந்திக்கு எடுத்துச் சொல்லட்டோ?" எண்டன். விசர்க் கேள்வி.

"உங்கடை வாயாலை சொல்லுங்கோ. நான் சொன்னால் மறதிக்காரி ஏதோ சொல்லுறா எண்டு நினைப்பினம். நாளைக்குப் பத்து மணிக்கு முதல் சொல்லுங்கோ."

"சொல்லுறன், பரமேஸ்வரி."

பேர் வாயிலை வந்திட்டுது. அவ கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. நான் பஸ்ஸுக்கு நடந்தன்.

பச்சை ஏழு, செம்மஞ்சள் நாலு, நீலம் ஐஞ்சு. வந்து சோறு வைச்சன். பருப்பு. வெண்டைக்காய். கரிஞ்ச சட்டியை எடுத்து வெளியிலை வைச்சிட்டன், மேசையிலை, எல்லாரும் காண.

மிதிலாவுக்கும் சொல்ல வேணும், கரடியாலை ஒருத்தருக்கும் வருத்தம் வராது எண்டு. முதல் தாய் தேப்பனுக்கு.

ரமணனுக்கு எப்பிடித் தொடங்கிறது. "தம்பி, உன்ரை மாமிக்கு ஒண்டும் இல்லை." இல்லை. அது அவவைப் பற்றின கதை. "தம்பி, நான் பொய் சொன்னனான்." இதுதான்.

படியிலை சத்தம். சுகந்தியின்ரை குரலும் கேக்குது, ரெண்டு பேரும் ஒண்டா வருகினம். சப்பாத்துக் கழட்டுகினம்.