சம்பந்தி வண்டியில் எடுக்க வேண்டிய அளவு

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அவள் முழங்கால் வலிகூட இப்போது பரவாயில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். உன் மாமனார் நலமாகத்தான் இருப்பார், அவருக்கென்ன குறைச்சல். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அவர் காதில் விழுந்துவிடும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். அவருடைய பழைய ஸ்கூட்டருக்குப் புதுப் பெயிண்ட், முன்னால் வண்டிப் பெயர் போட்ட பேட்ஜ் பளபளவென்று மின்னுகிறது, பின் சீட்டில் நீ வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறாய். போதாததற்குக் கீழே ‘மாமா வண்டி சூப்பர்’ என்று வேறு எழுதியிருந்தாய், அம்மா அதை நாலு தரம் எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அதே மாடல், அதே வருஷத்து வண்டி நம் வீட்டிலும்தான் நிற்கிறது, நீ ஓட்டப் பழகியதே அதில்தான். மறுநாளே நம் வண்டிக்கும் பெயிண்ட் அடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் நீ வந்து இறங்கும்போது ஸ்டேஷன் வாசலில் அதோடுதான் நிற்க வேண்டும், நீ அதையும் சூப்பர் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பேட்ஜைக் கழற்ற ஒரு பகல் முழுக்க ஆயிற்று. ஹேர் டிரையரால் சூடு காட்டிப் பசையை இளக்கி, பின்னால் நைலான் நூலை விட்டு மெதுவாக இழுத்து இழுத்து ஒரு கீறல் இல்லாமல் எடுத்தேன். அதன் முதுகில் இரண்டு ஊசிகள், அவை முன்தகட்டில் இருக்கும் இரண்டு துளைகளில் போய் உட்காரும். அதுவரை என் சாமர்த்தியம். பிறகு பெயிண்டரிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, சம்பந்தி வண்டியத் தூக்கிச் சாப்பிடணும், ஒரு ஓட்டை ஒடசல் கண்ணுல படக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனுஷன் சொன்ன சொல் தட்டாதவர். அந்த இரண்டு துளைகளையும் முன்னும் பின்னும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து வழவழவென்று கொடுத்துவிட்டார். கேட்டால், நீங்கதானே சார் சொன்னீங்க என்கிறார். பேட்ஜை எங்கே வைத்துப் பார்த்தாலும் கோணலாகவே தெரிகிறது. புதுப் பெயிண்டில் தப்பாக ஒரு துளை போட்டால் போச்சு. பேசாம சம்பந்திக்கே போன் போட்டுக் கேட்டுடுங்களேன் என்கிறாள் அம்மா. அதற்கு நான் பேட்ஜ் இல்லாத மொட்டை வண்டியையே ஓட்டிவிட்டுப் போவேன்.

அதனால் நீதான் ஒரு உதவி செய்ய வேண்டும். அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து டேப்பை எடுத்துக்கொண்டு போய், அவர் வண்டியில் பேட்ஜின் இரண்டு முனைகளும் முன்தகட்டின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு, பக்க விளிம்பிலிருந்து எவ்வளவு என்று மில்லிமீட்டரில் அளந்து எழுது. மாப்பிள்ளைக்கும் தெரிய வேண்டாம், அவர் அப்பா பிள்ளை.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசிகள். அளவை மறந்துவிடாதே. அதுவும் பேட்ஜ் உட்காரும் இடத்துக்குத்தான், துளைகளை நம் ஊசிகளுக்குத் தகுந்தபடி நானே போட்டுக்கொள்வேன். வலது ஊசி வளைந்திருக்கிறது, நீ முதல்முதலாகத் தனியாக ஓட்டி நம் கேட்டில் கொண்டுபோய் முட்டினாயே, அன்றைக்கு வளைந்தது. நிமிர்த்தித் தருகிறேன் என்றார் பெயிண்டர், அதில் கை வைக்காதே என்றுவிட்டேன். உன் மாமனார் வண்டியில் இரண்டு ஊசியும் நேராகத்தான் இருக்கும், பாவம்.

இப்படிக்கு,
உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த
அப்பா