நேற்று இடியாப்பம் பிழிந்தது யார்?

4 மார்ச் 1974, ஹேடோ

மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வரும் கப்பல் இன்றும் வரவில்லை. வெங்காயம் இல்லாத சாம்பார்.

அலுவலகத்தில் பழனிசாமி தன் சூப்பரின்டெண்டென்ட் நாற்காலிக்குப் புது மெத்தை தைத்துக்கொண்டான். அவன் பி.ஏ., மூன்றாம் வகுப்பு. நான் எம்.ஏ. ஆங்கிலம், முதல் வகுப்பு. நாற்காலி அவனுக்கு, கோப்புகள் எனக்கு.

மாலையில் டாக்டர் விசாலாட்சி கூப்பிட்டு அனுப்பினார். மூட்டுவாத நோயாளிகளிடம் கேட்கும் கேள்வித்தாள், வெள்ளைக்காரர்கள் எழுதியது. தமிழில் வேண்டுமாம். பதிலுக்கு மதிப்பெண் உண்டு. அதிகம் சிரமப்படுகிறவர்களுக்கே மெழுகு ஒத்தடமும் கைப்பயிற்சியும். ஒருவருக்காவது என் படிப்பு நினைவிருக்கிறது.

6 மார்ச்

மொழிபெயர்ப்பு முடிந்தது. ஒரு சொல் பிசகவில்லை.

இரவு மறுபடியும் தோசை. மனைவி மங்கையர்க்கரசி இடியாப்பம் செய்தே ஒன்றரை வருடம். கேட்டால், "அச்சு துருப்பிடிச்சுப் போச்சு" என்கிறாள். மெயின்லேண்டுக்கு மாற்றல் வாங்காததற்குத் தண்டனை. எனக்கா தெரியாது?

11 மார்ச்

ஆஸ்பத்திரி வராந்தாவில் மானம் போயிற்று. முதல் ஆள் ஆரோக்கியசெல்வி, மீன்பிடிக் குடும்பம், விரல்கள் இஞ்சி மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. "குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏற முடியுமா?" என்று வாசித்தேன்.

"நான் என்ன எருமையாய்யா, தொட்டில எறங்க?"

வராந்தாவே சிரித்தது. டாக்டரும்தான்.

கோபத்தோடு உட்கார்ந்து முழுவதையும் மாற்றினேன். தொட்டி போய், குந்தி உட்கார்ந்து எழுவது வந்தது. கத்தியால் இறைச்சி வெட்டுவது போய், அரிவாள்மனையில் மீன் நறுக்குவது.

14 மார்ச்

இதுவும் தோல்வி. எல்லாப் பெண்களும் எல்லாவற்றுக்கும் "முடியும்" என்கிறார்கள். அந்த இஞ்சி விரல்காரிகூட! மதிப்பெண்படி வராந்தாவில் ஒருவருக்கும் நோயே இல்லை. டாக்டர் சிரிக்கவில்லை. "இப்படியே போனா ஒருத்தருக்கும் ஒத்தடம் குடுக்க முடியாது சார்."

15 மார்ச்

எங்கே தவறு என்று பார்க்க மங்கையிடம் கேட்டுப் பார்த்தேன். முடியும், முடியும், முடியும். கடைசியில் தாளில் இல்லாததை வேண்டுமென்றே கேட்டேன். "இடியாப்பம் பிழிய?"

"முடியும்."

"நேத்து யாரு பிழிஞ்சா?"

கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் வெளியே எடுத்துப் பார்த்தேன். கணுக்கள் வீங்கி, சூடாக — எத்தனை நாளாக இது?

"முடியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? அப்புறம் இந்த வீட்ல நான் எதுக்கு?"

பரணில் இருந்த அச்சை இறக்கினேன். பித்தளை. அது எப்படித் துருப்பிடிக்கும்? எம்.ஏ. படித்தவனுக்கு ஒன்றரை வருடமாக இது உறைக்கவில்லை.

18 மார்ச்

"முடியுமா" என்பதையே எடுத்துவிட்டேன். "நேற்று உங்கள் வீட்டில் தண்ணீர் தூக்கியது யார்?"

"டீக் ஹை, சரிதான், கண்டுபுடிச்சிட்டீரு" என்று சிரித்தாள் ஆரோக்கியசெல்வி. "மருமவ ரீத்தாதான் தூக்குனா. நான் கூட நடந்து போயி ஊர் நாயம் பேசுனேன்."

பேனா ஓடிக்கொண்டே இருந்தது. மங்கைக்கும் அவளுக்கும் வியாழக்கிழமையிலிருந்து ஒத்தடம்.

31 மார்ச்

கப்பல் வந்தது. பழனிசாமி வெங்காயம் கொண்டுவந்தான். நான் பிழிந்ததைத் தட்டிலிருந்து தூக்கிப் பார்த்து, "என்னங்கண்ணா, இது இடியாப்பமா, கப்பல் கட்டற கயிறுங்களா?" என்றான். மங்கை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்றாம் வகுப்புக்காரன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிடட்டும்.

13 மே

ஒத்தடத்துக்குப் பிறகு இரண்டாம் சுற்றுக் கேள்விகள். டாக்டரே மங்கையிடம் கேட்டார். "நேற்று இடியாப்பம் பிழிந்தது யார்?"

"அச்சுல ஒரு பக்கப் பிடி அவுக, மறுபக்கப் பிடி நான்."

டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதற்குத் தாளில் கட்டம் இல்லை. இன்றிரவு வரைந்துவிட வேண்டும்.