அதிகம் தேடப்பட்டவை

மார்ச் 3, திங்கள்

குக்கர் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு மனிதர்கள் எத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள்! வாஷர், கேஸ்கட், ரிங், ரப்பர், "மூடியில் வரும் வட்டம்". இன்று எல்லாவற்றையும் ஒரே பொருளோடு இணைத்தேன். எந்தப் பெயரைத் தட்டினாலும் தம்பியின் இணையக் கடை இனி அதே பக்கத்தைக் காட்டும். ஒவ்வொன்றையும் நானே நாலைந்து முறை தட்டிச் சரிபார்த்தேன்.

இருபத்திரண்டு வருடம் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்ட கை இது. ஒற்றை வரி உத்தரவில் என்னை வெளியே அனுப்பிய முதல்வருக்கு இந்த வேலையின் அருமை தெரியாது. அவருடைய பிரிவுபசார விழாவுக்கு நான் போகவில்லை. போகாததைக் கவனித்திருப்பார் என்று நம்புகிறேன்.

தம்பிக்கு அருமை தெரியும். கடையின் முகப்பில் "அதிகம் தேடப்பட்டவை" என்று பத்து வரி வரும். அதில் ஏழு என் பிரிவு: உதிரி பாகங்கள். அதைப் பார்த்துத்தான் டிசம்பரில் மெனுவின் கடைசியில் கிடந்த என் பிரிவை முதலில் வைத்தான். கிடங்கில் மிக்ஸிகளை ஓரம் தள்ளிவிட்டு இரண்டு அலமாரி நிறைய உதிரிகளை வாங்கி அடுக்கினான். "ஜனங்க புதுசு வாங்க வரல அண்ணா, இருக்கறதச் சரிபண்ண வராங்க. இதக் கண்டுபிடிச்சது நீதான்" என்றான். எல்லோர் முன்னாலும் சொன்னான்.

மார்ச் 6, வியாழன்

ஆலோசகர் ஒருவர் வர ஆரம்பித்திருக்கிறார். எதைக் கேட்டாலும் திரையில் ஸ்லைடு போடுகிறார். குடிக்கத் தண்ணீர் எங்கே என்று நாம் கேட்டாலும் போடுவார் போலிருக்கிறது. எதற்கு இவர் என்று தம்பியிடம் கேட்டேன். "சும்மா, சைட் வேகமா இருக்கான்னு பாக்க."

என் கணினியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "தொடவே வேண்டாம் சார்" என்று சிரித்தார்.

மார்ச் 18, செவ்வாய்

மெனுவில் என் பிரிவு இல்லை.

வேறு ஏதோ கடைக்குள் நுழைந்துவிட்டேனோ என்று முகவரியைப் பார்த்தேன். நம் கடைதான். "மற்றவை"க்குள் போய், அங்கே "பராமரிப்பு" என்பதைத் தொட்டால், அதற்கும் அடியில் உதிரி பாகங்கள். மூன்று கதவு தாண்டி. அதிகம் தேடப்பட்டவையிலும் என் ஏழு வரிகள் இல்லை. ஏதோ புது அடுப்புகள்.

எதிர் அறையில்தான் தம்பி உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடி வழியே தெரிகிறான். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பத்து அடி. பத்து அடி நடக்க முடியாதா?

மார்ச் 19, புதன்

நானே நடந்தேன்.

"யாரு சொல்லி மாத்தின?"

"உக்காரு அண்ணா."

"உக்கார வரல. அந்த ஸ்லைடு சொன்னதா?"

ஒரு தாளை என் பக்கம் தள்ளினான். எந்தக் கணினியிலிருந்து எத்தனை தேடல் என்று பிரித்திருந்தது. என் பிரிவில் பத்துக்கு ஒன்பது தேடல் ஒரே கணினியிலிருந்து வந்திருக்கிறது. ஜன்னலோர மேசை. என்னுடையது.

"சரிபாக்கத் தட்டினதுடா அதெல்லாம்! அதையும் எண்ணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வேணும்னு பண்ணலையே?"

கேட்டுவிட்டான். இவன் பத்தாம் வகுப்பு தேற வேண்டும் என்று மூன்று மாதம் என் தூக்கத்தை விட்டுக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்த வாய் கேட்கிறது.

"பன்னெண்டு நாளா ஒருத்தனை விட்டு என்னை வேவு பாத்திருக்க. பாத்துக்கிட்டே என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சிருக்க. உனக்குத் தொண்டையில எறங்குச்சாடா?"

தம்பி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

மார்ச் 21, வெள்ளி

இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. தம்பி அழைத்தால் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அழைக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மனைவியை அழைத்திருக்கிறான்!

"எண்ணற சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறாம். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்காராம் உங்க தம்பி. நாளைக்கு வரச் சொன்னார்."

"என்னை மன்னிக்க இவன் யாரு?"

"கோளாறுன்னு சொன்னா அதுல மன்னிப்பு எங்கேருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதாமல் நாலு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் குக்கரில் ஒரு பக்கக் கைப்பிடி உடைந்து வருடக்கணக்காகிறது. "ஒற்றைக் காது" என்பது மனைவி அதற்கு வைத்த பெயர். கடையில் இல்லாத பொருளைத் தேடினால் என்ன வருகிறது என்று பார்க்க, நவம்பரில் ஒரு நாள் "ஒற்றைக் காது குக்கர்" என்று பலமுறை தட்டினேன். மறுநாள் அது அதிகம் தேடப்பட்டவையில் ஆறாவதாக நின்றது. உலகத்தில் வேறு யார் அதைத் தேடியிருப்பார்கள்? அப்போதே புரிந்துவிட்டது. அந்த ஒரு வரியை மட்டும் நீக்கினேன். மற்றவற்றை விட்டுவிட்டேன். சரிபார்ப்பதை நிறுத்தவுமில்லை. நாலு முறை போதும் என்ற இடத்தில் பத்து முறை தட்டினேன். தம்பி பட்டியலைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வருவது பிடித்திருந்தது.

மார்ச் 24, திங்கள்

போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "நவம்பர்லயே எனக்குத் தெரியும்."

"எனக்கு ஜனவரியில தெரியும் அண்ணா."

நின்றபடியே இருந்தேன்.

"அலமாரி நெறைய அடுக்கியும் ஆர்டர் வரல. நானே பிரிச்சுப் பாத்தேன். உன் மேசைன்னு தெரிஞ்சுது. நீயா வந்து சொல்வேன்னு இருந்தேன். ரெண்டு மாசம் இருந்தேன். உன்னைக் கேக்க வாய் வரல, அதான் வெளியாளைக் கூப்பிட்டேன்."

இரண்டு மாதம்! ஒவ்வொரு காலையும் நான் பட்டியலைப் பற்றிப் பெருமையாகப் பேசியபோது தலையாட்டினானே, அது என்ன? பரீட்சை என்றே சொல்லாமல் என்னைப் பரீட்சையில் உட்கார வைத்து, நான் தோற்பதை வேடிக்கை பார்த்திருக்கிறான். நான் ஏமாற்றியது அதற்கும் முன்பு, அதிக நாள். கூட்டிக் கழித்தால் பங்கு எனக்குத்தான் அதிகம். தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை.

"அந்தக் கோளாறுக் கதை வேண்டாம். எல்லார்கிட்டயும் நானே சொல்லிக்கறேன்" என்றேன். சொன்னேன். ஸ்லைடுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 2, புதன்

என் கணினியை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் பிரிவின் தேடல்களை நாள்தோறும் மாலையில் தம்பிக்கு எழுதி அனுப்புகிறேன். அவன் கேட்கவில்லை.

இன்று வீடு திரும்பும்வரை ஒரு தேடலும் இல்லை. மேசைமேல் மனைவியின் ஃபோன் கிடந்தது. அதிலிருந்து தட்டினால் எண்ணும். கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"உதிரி பாகங்கள்: இன்று யாரும் தேடவில்லை" என்று என் ஃபோனிலிருந்து எழுதி அனுப்பினேன்.