பத்து இலட்சத்து ஒன்று

15.9.1987
நான் பாடம் எடுக்கும் டுடோரியலின் இலவச இடத்துக்கு நடந்த பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன். ஒரே இடம், கணக்கில் முதலில் வருகிறவருக்கு. கேள்வியும் விடையும் முதலாளி நாராயணசாமி சார் போட்டவை. கடைசிக் கேள்வி: 1000001 பகா எண்ணா? அவர் விடை: ஆம். கருணாபுரம் காலனி இசைவாணி மட்டும் "இல்லை" என்று எழுதியிருக்கிறாள். நூற்றின் கனம், கூட்டல் ஒன்றின் கனம். கனங்களின் கூட்டல் சூத்திரத்தில் போட்டு 101 × 9901 என்று முடித்துவிட்டாள். பெருக்கிப் பார்த்தேன். சரி. முழு மார்க் போட்டேன். அவள்தான் முதல்.

16.9
சார் நான் போட்ட மார்க்கை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். இப்போது அவள் இரண்டாவது. இரண்டிலக்கப் பகா எண் எல்லாவற்றாலும், 97 வரை, வகுத்துப் பார்த்துவிட்டாராம். "மொய்ல இன்னாத்துக்கு ஒத்த ரூபா சேத்து வெக்கறோம்? பிரியக்கூடாதுன்னுதான? பத்து லட்சத்தோட ஒண்ணு சேந்தா அது எங்கய்யா பிரியும்?"
கணக்கு வாத்தியார் பேசுகிற பேச்சா இது? 97க்கு அடுத்த பகா எண்ணே 101தான். இன்னும் ஒரு படி ஏறியிருந்தால் போதும்!

18.9
மறியல். மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்கள். மலைக்குப் போகிற கரியாலூர் பஸ்ஸும் இல்லை. அப்பாவோடு நானும் போய் உட்கார்ந்தேன். படிப்பில், வேலையில் எங்கள் சாதிக்கான இடஒதுக்கீட்டுப் பங்கைத்தான் கேட்கிறோம். நியாயம்தான்.

25.9
ரோடு திறந்ததும் மறுபடி சாரிடம் போனேன். குரலைத் தாழ்த்தினார். "நம்ம சனம் ரோட்ல கெடந்து அடி வாங்கினு வந்திருக்குது. நீ அந்தப் புள்ளைக்கு சீட்டு கேட்டுகினு நிக்கிற. இன்னா ஆளுய்யா நீ?"
அந்த ரோட்டில் நானும்தான் உட்கார்ந்தேன். இதுக்கா உட்கார்ந்தேன்? ஒருத்தி கணக்கு போட்டு வாங்கின மார்க்கைப் பிடுங்கறதுக்கா? முகத்துக்கு நேரே கேட்டேன். வகுப்புக்குப் போ என்றார்.

30.10
நைனார்பாளையத்தில் பெரியப்பா மகள் கமலா கல்யாணம். மொய் எழுத என்னை உட்கார வைத்தார்கள். சார் வந்தார், நூற்றியொன்று நீட்டினார். எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். முடியலை.
"சார், நீங்க வெச்ச இந்த மொய்யாலயே உங்க பத்து லட்சத்து ஒண்ணு வகுபடும். 9901க்குப் பின்னால ரெண்டு பூஜ்யம் போடுங்க. அதோட இன்னொரு 9901 கூட்டுங்க."
பின்னால் நின்ற பங்காளி ஒருத்தர், "இன்னா வாத்தியாரே, மொய் பிரிஞ்சிகிச்சா?" என்றார். பந்தலே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் விரலால் எழுதிக் கூட்டினார். சாப்பிடாமல் போய்விட்டார்.

31.10
வேலை போச்சு. போகட்டும். கணக்கு தப்பில்லை.

9.11
கடைத்தெருவில் இசைவாணியின் அம்மா சாலம்மாள் நிறுத்தினாள். களை வெட்டிவிட்டு வருகிறாள், மண்வெட்டி தோளில். "பாப்பாவுக்கு சீட்டு குடுத்துட்டாருங்க சார். சும்மாதான், காசு வாணாம்னுட்டாரு. ஆனா உங்க வேலை..." நல்லா படிக்கச் சொல்லுங்க என்றேன்.
என்னிடம் ஒரு வார்த்தை? தப்புன்னு ஒரு வார்த்தை? கிடையாது. அந்த ஆள் வாயில் அது வராது.
டுடோரியல் வழியாகத் திரும்பினேன். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். இசைவாணி முன்பெஞ்சில் குனிந்து வகுத்துக்கொண்டிருக்கிறாள். பலகையில் சார் கையெழுத்து: 1000003 பகா எண்ணா? அடியில், இரண்டு கோடு போட்டு: 997 வரை வகுத்துப் பார்த்த பிறகே விடை எழுதவும்.
வீட்டுக்கு வந்து நானும் உட்கார்ந்துவிட்டேன். 389 வரை ஆச்சு. இன்னும் மீதி வருது.