தெருவை மறித்த வாளிகள்

கயெலிட்ஷா, கேப் டவுன்

என் மகனின் அப்பாவுக்கு,

தெருவை மறித்து நான் ரவுடித்தனம் பண்ணுகிறேன் என்று வேன் ஓட்டும் உங்கள் தம்பி சொல்லியிருப்பார். உண்மைதான்.

நம் லுபாபலோவுக்கு மூன்று வயதாகியும் ஓடத் தெரியவில்லை. நாலடி வைத்தால் விழுந்தான். வேலை நேரத்தில் போனைக் கொடுத்து உட்கார வைத்தது நான்தான்.

கிளினிக்கிலிருந்து வீடு வீடாக வரும் நோசகேலே என்னைக் குழாயடியில் பார்த்து, "போனக் கொறச்சு வெளிய ஓட விடுக்கா" என்றாள்.

"எங்கடி விடறது? வாசல்ல கால் வெச்சா வேன்காரன் புள்ள மேல ஏத்திட்டுப் போயிடுவான்!" என்று சீறினேன்.

அவள் அசரவில்லை. குழாயடியில் இருந்த எல்லோரையும் பார்த்தாள். "அப்ப நடுரோட்டுல வாளியப் போட்டுத் துவைங்க."

இப்போது சனிக்கிழமை காலையில் பதினோரு பேர் தெருவின் இரண்டு முனையிலும் வாளி போட்டுத் துவைக்கிறோம். நடுவில் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

போன வாரம் உங்கள் தம்பி ஹாரன் அடித்து, "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார்.

"உங்க அண்ணன் மகன் ஓடறான். பாத்துட்டுச் சுத்திப் போங்க."

பகலில் போன் சோள மாவு டப்பாவுக்குள் இருக்கும். அடித்தாலும் எடுக்க மாட்டேன்.

டிசம்பரில் சுரங்கத்திலிருந்து வரும்போது தெருமுனையில் இறங்கி நடந்து வாருங்கள். மகனைத் தூக்க வேண்டுமென்றால் ஓடித்தான் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாளியை நகர்த்தாத உங்கள் மனைவி