பாட்டில் மூடியும் ஐந்தாம் கோடும்

என் சோடாபுட்டிக்கு, தோட்டத்திலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது.

இங்கே சுகம். கண் ஆபரேஷன் கட்டை அவிழ்த்துவிட்டார்கள், சுவர்க் கடிகாரத்தில் நீயே மணி பார்த்துச் சொன்னாய் என்று மகள் போனில் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. உன் ஏக்கத்தில்தான் அதுவரை இறங்கவில்லை என்று நினைத்து மயங்காதே. என் சமையல் அப்படி.

இதையும் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீயே படிக்க வேண்டும். மகளிடம் நீட்டாதே. உன் புதுக் கண்ணுக்காக எழுத்தைக் கத்தரிக்காய் அளவுக்குப் போட்டிருக்கிறேன்.

போன வருஷம் பிஞ்சு உதிராமலிருக்க அடிக்கும் ஊக்கி மருந்தை நான் பாட்டில் மூடியால் அளந்து, அளவு மீறி அடித்து, நிற்க வேண்டிய மாம்பிஞ்செல்லாம் தரையில் கொட்டியதை நீ மறக்கமாட்டாய். மற்றவர்களையும் மறக்க விடமாட்டாய். இந்த வருஷமும் உதிர்ந்தால் தோட்டத்தை விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் அவள் வீட்டோடு வந்துவிடுவதாக மகளிடம் ஒப்புக்கொண்டாயே, அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

அதனால் நீ கொடுத்துவிட்டுப் போன ஊசியில்லாத சிரிஞ்சில்தான் அளந்தேன். பத்து லிட்டர் டேங்குக்கு ஐந்தாம் கோடு. பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் வெயில் ஏறுவதற்குள் அடித்தேன். மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, திருந்திட்டீங்களா?" என்றார். "எங்க திருந்துறது? மிரட்டி வச்சுட்டுப் போயிருக்கா" என்றேன்.

மூன்று வாரம் ஆகிறது. தினமும் மரத்தடியைக் கூட்டிப் பார்க்கிறேன். முதலில் கூடை நிறைய உதிர்ந்தது. இப்போது என் உள்ளங்கைகூட நிறைவதில்லை. நின்றதெல்லாம் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. பிழைத்தோம்.

கிணற்றடி மரத்தைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயா கேட்காமல் இருப்பாய்? கடைசி டேங்கில் கை அரித்துவிட்டது. இத்தனை பெரிய மரத்துக்கு இத்துனூண்டு மருந்தா என்று பழையபடி மூடி நிறைய ஊற்றிக் கவிழ்த்துவிட்டேன். ஒரு பிஞ்சு மிச்சமில்லை. மொட்டையாக நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

மகளிடம் சொல்லிவிடாதே. மற்ற மரங்களைப் பார்க்காமல் இதையே பிடித்துக்கொள்வாள். நீ வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உன் கண்ணால் அந்த மரத்தைப் பார்த்து என்னை வாய் நிறையத் திட்டு. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

நல்ல பார்வையோடு நூறு வயசு இரு. டாக்டர் சரி என்றதும் வண்டி ஏறு.

ஐந்தாம் கோட்டைத் தாண்டிய
உன் வீட்டுக்காரன்